ஃபாக்டரிப் பக்கம் திரும்பு

சுருளிவேலுக்கு மாஸ்டர் சொன்னால் வேதவாக்கு. மாஸ்டர் தும்மினால்கூட அதில் ஏதாவது ஒரு தடுப்பு முறை இருக்கும் என்று நினைக்கிற ரகம் அவன். சூரியநெல்லிக்கு மேலே சரிவில் கிடந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியை நம்பாதவன் உண்டு, யூனியனை நம்பாதவன் உண்டு, கட்டின பெண்டாட்டியை நம்பாதவனும் உண்டு. சுருளி ஈஸ்வரமூர்த்தி மாஸ்டரை நம்பினான். நம்பினான் என்றால் அப்படி இப்படி இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நம்பினான்.

ஈஸ்வரமூர்த்தி மலைக்காரர் இல்லை. கிழக்குப் பாலக்காட்டில், மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பும் கறவை மாடுகளும் உள்ள வீட்டுப் பிள்ளை. சுருளியைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். கோயமுத்தூருக்குப் படிக்கப் போய், படிப்பை விட்டுவிட்டுக் கராத்தேயைப் பிடித்துக்கொண்டு, கறுப்பு பெல்ட்டோடு ஊர் திரும்பியவர். அவர் வீட்டுத் தேங்காய் லாரி உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக மாதம் இரண்டு தடவை மலையேறித் தோட்டத்துக் கேண்டீனுக்கும் கடைகளுக்கும் காய் இறக்கும். எழுபத்து நாலில் ஒருநாள் லாரியோடு தானும் வந்தவர், குளிருக்கு உடம்பைச் சூடு பண்ணிக்கொள்ளப் பெரட்டுக் களத்தில் நின்று கையைக் காலை வீசினார். கராத்தேப் படங்கள் தேனிக் கொட்டகைகளில் கிழியக் கிழிய ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. இளவட்டங்கள் வேலையைப் போட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அடுத்த லாரி வருவதற்குள் கிளப் ஒன்று பிறந்துவிட்டது.

பெரட்டுக் களம் என்பது விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்தி, இன்றைக்கு யாருக்கு எந்த மலை, யாருக்கு எந்த வேலை என்று பிரித்து அனுப்புகிற மைதானம். ஆட்கள் இந்தப் பக்கம் வரிசையாக நிற்பார்கள், ஃபீல்டு ஆபீசர் எதிரே அவர்கள் முகத்தைப் பார்த்து நிற்பார். பிறந்ததிலிருந்து அப்படி நின்று பழகிய கால்கள்தானே? கராத்தேக்கும் அப்படியே நின்றன. மாஸ்டர் எதிரே நின்று செய்வார், இவர்கள் அவரைப் பார்த்துச் செய்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. தொழிலாளர்கள் குடியிருக்கிற அந்த லயங்களில், வரிசை வீடுகளில், யாரும் இடது வலது என்று பேசுவதில்லை. களத்துக்கு ஒரு பக்கம் ஃபாக்டரி, மறு பக்கம் மாரியம்மன் கோயில். "ஃபாக்டரிப் பக்கமாத் தள்ளி நில்லு" என்பார்கள், "கோயில் பக்கத்துக் காதுல வலி" என்று டிஸ்பென்சரியில் போய்ச் சொல்லுவார்கள். மாஸ்டரும் இரண்டாவது தடவை வந்தபோதே அதைப் பிடித்துக்கொண்டார். கட்டா என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார். எதிரே ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு அடியும் தடுப்பும் திருப்பமுமாக ஒரே வரிசையில் செய்துகொண்டு போகவேண்டும், பெல்ட் ஏறவேண்டுமானால் அது பிசகக் கூடாது. "மொதல்ல எல்லாரும் ஃபாக்டரிப் பக்கம் திரும்புங்க. அப்பறம் கோயில் பக்கம்" என்றார் மாஸ்டர். திரும்பினார்கள். அவரும் ஃபாக்டரிப் பக்கம் திரும்பினார், அவர்களும் ஃபாக்டரிப் பக்கம் திரும்பினார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

முதல் கூட்டத்தில் சேர்ந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டார்கள். ஒருவனுக்குக் கல்யாணம், ஒருவன் வேறு தோட்டம், ஒருவனுக்கு முட்டி வீங்கிப்போய் ஆசையும் வற்றிவிட்டது. கடைசியில் அந்தக் கூட்டத்தில் மிஞ்சியவன் சுருளி ஒருவன்தான். கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டுகிறவன் அவன், நாளெல்லாம் குனிந்து வெட்டி இடுப்பு விட்டுப்போகும். ஆனாலும் சாயந்திரம் களத்துக்கு வந்துவிடுவான். வெள்ளை, மஞ்சள், பச்சை என்று ஏறி, காப்பிக் கலர் பெல்ட்டுக்கு வந்தான். மாஸ்டர் இல்லாத நாளெல்லாம் கிளாஸ் அவன் பொறுப்பு. புதிதாக வந்த அத்தனை பேருக்கும் கட்டா சொல்லிக்கொடுத்தது அவன்தான்.

சொல்லிக்கொடுத்தான் என்று லேசாகச் சொல்லிவிட முடியாது. குதிகால் தரையிலிருந்து ஒரு நூல் எழும்பினால் போச்சு, அந்த ஆள் அந்தத் தடவை பெல்ட் கனவு காணவேண்டாம். கையில் ஒரு தேயிலைக் குச்சி வைத்திருப்பான், முட்டி வளையாத காலில் அது பேசும். "அடிமாலியில ஒரு கிளப்பு இருக்காம், வந்தவன் போனவனுக்கெல்லாம் பெல்ட்டக் கட்டி விடுறாகளாம். இங்க அந்தப் பருப்பு வேகாது" என்பான். கிளப்பில் அவனைத் திட்டாதவர்கள் கிடையாது. அவனிடம் பச்சை பெல்ட் வாங்கியவன் அதைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகாமல் இருந்ததும் கிடையாது.

உடுப்பெல்லாம் சுருளியின் பெண்டாட்டி சாந்தம்மாள் தைத்தது. மைதா மூட்டைத் துணியை வெளுத்து, வெட்டி, பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து கையாலேயே தைத்துக் கொடுப்பாள். காப்பிக் கலர் பெல்ட்டுக்கு ஃபாக்டரித் தூசித் தேயிலையைக் கொதிக்கவிட்டு அதில் துணியை முக்கி எடுத்ததும் அவள்தான். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"மாஸ்டரு மாஸ்டருன்னு உருகுறியே, லாரி வந்தா மொத ஆளாப் போயித் தேங்கா எறக்குற, வெறுஞ்சாக்க ஏத்துற. அந்த மனுசன் நம்ம வீட்டுல ஒருநாளாச்சும் ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்காரா?" என்பாள்.

"அவருக்கு நேரமில்ல தாயி" என்பான் சுருளி.

"கிளார்க்கு வீட்டுல சாப்புட்டுட்டுத் திண்டுல சாய நேரமிருக்கு. எந்திரிச்சு இங்க வர நேரமில்லியாக்கும்!"

சுருளிக்குக் கோபம் வந்துவிடும். மாஸ்டரைப் பற்றிப் பெண்டாட்டி பேசினாலும் வரும், பெற்றவள் பேசினாலும் வரும்.

எழுபத்தொன்பதில் தோட்டத்து வெல்ஃபேர் ஆபீசர் ஒரு சேதி சொன்னார். கிளப்பைக் கம்பெனியே எடுத்து நடத்தப் போகிறது, அதற்கு நிரந்தரமாக ஒரு மாஸ்டர் வேண்டும், தோட்டத்து ஆளாகவே இருந்தால் நல்லது. ஆனால் கறுப்பு பெல்ட் இருக்கவேண்டும், எர்ணாகுளத்துச் சங்கத்திலிருந்து ஒரு பரிசோதகர் வந்து பார்த்துக் கொடுத்த பெல்ட்டாக இருக்கவேண்டும். சுருளிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கறுப்பு பெல்ட் கிடைத்தால் கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிடலாம். காலையில் அதே களத்தில் பெயர் கூப்பிட, 'ஆமாங்கய்யா' என்று தலைகுனிந்து நிற்கிற வேலை இனி இல்லை. எதிர்ப்பக்கம் நிற்கலாம். தன் பெயரில் ஒரு கிளாஸ். அதற்குமேல் அவனுக்கு எந்தச் சொர்க்கமும் வேண்டியிருக்கவில்லை.

அதற்குச் சில மாதம் முன்னால் சகாயம் ஒரு வம்பை இழுத்துவிட்டிருந்தான். சகாயம் தோட்டத்து லாரி டிரைவர், தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போகிறவன். மஞ்சள் பெல்ட்காரன். ஒரு தடவை கொச்சியிலிருந்து வந்த கையோடு களத்தில் நின்று, கட்டாவில் முதல் திருப்பத்தை ஃபாக்டரிப் பக்கம் திரும்பாமல் கோயில் பக்கம் திரும்பினான். வரிசை மொத்தமும் ஒரு பக்கம், அவன் மட்டும் ஒரு பக்கம். பக்கத்தில் நின்றவன் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டான்.

"ஏலே, கண்ணு தெரியலயா?" என்று சுருளி குச்சியால் அவன் கெண்டைக்காலில் வைத்தான்.

"இல்லண்ணே. கொச்சியில ஒரு ஹால்ல கராத்தே நடந்துச்சு. சன்னல் வழியா நின்னு பாத்தேன். இதே கட்டாதான். எல்லாரும் இந்தப் பக்கந்தான் மொதல்ல திரும்புறாக."

"கொச்சிக்காரன் சொல்லித்தான் நாம கத்துக்கணுமாக்கும்! ஃபாக்டரிப் பக்கம் திரும்புலே."

சகாயம் பிடிவாதக்காரன். அடுத்த நாளும் கோயில் பக்கம் திரும்பினான், அடுத்த வாரமும் திரும்பினான். சுருளியும் விட்டுக்கொடுக்கவில்லை. பச்சை பெல்ட் வரிசையிலிருந்து அவனைப் பிடித்து வெளியே நிறுத்தினான். இருந்தாலும் மனசின் ஓரத்தில் ஒரு முள் உறுத்தியது. மாஸ்டர் வந்தபோது சாக்கு ஏற்றிக்கொண்டே கேட்டுவிட்டான்.

"மாஸ்டர், கொச்சியில வேற மாதிரித் திரும்புறாகளாமே?"

ஈஸ்வரமூர்த்தி வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது வேற ஸ்டைல் அப்பா. ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி பண்ணுவான். நீ அதையெல்லாம் கேட்டுட்டு மண்டையக் கொழப்பிக்காத. நாஞ் சொன்னத மட்டும் செய்யி, போதும்."

போதும் என்றால் சுருளிக்குப் போதும். முள் எடுபட்டுவிட்டது. அன்று சாயந்திரமே சகாயத்தைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் ஃபாக்டரிப் பக்கம் திரும்ப வைத்து, திரும்பத் திரும்ப, கால் ஓயுமட்டும் செய்ய வைத்தான். சகாயம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தான்.

பரிசோதகர் வந்த ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். எர்ணாகுளம் சார் என்றுதான் எல்லாரும் அவரைச் சொன்னார்கள். குள்ளமான மனிதர், அதட்டாத குரல். மேசைக்குப் பின்னால் வெல்ஃபேர் ஆபீசரும் ஈஸ்வரமூர்த்தியும் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். லயமே திரண்டு வந்து வேலியோரம் நின்றது. சாந்தம்மாளும் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இத்தனை வருஷம் ஏசியதையெல்லாம் அன்று ஒரு நாளைக்கு மடித்து வைத்திருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுருளி முன்வரிசையில் நின்றான். குனிந்து வணங்கினான். குரல் கொடுத்தான். வரிசை மொத்தமும் ஒரே வீச்சில் ஃபாக்டரிப் பக்கம் திரும்பியது. ஒரு குதிகால் எழும்பவில்லை, ஒரு முட்டி வளையாமல் இல்லை. வேலியோரத்தில் கைதட்டல் கிளம்பியது.

"நிர்த்து!" என்றார் எர்ணாகுளம் சார்.

கைதட்டல் அந்தரத்தில் நின்றுபோனது. அவர் எழுந்து வந்து சுருளிக்குப் பக்கத்தில் நின்றார். மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் ஃபாக்டரிப் பக்கம். பச்சை பெல்ட்காரர்களைத் தனியாகச் செய்யச் சொன்னார், மஞ்சளைத் தனியாகச் செய்யச் சொன்னார். எல்லாரும் ஃபாக்டரிப் பக்கம்தான்.

"முதல்ல இடத்தோட்டு திரும்பணும். இங்க எல்லாரும் வலத்தோட்டு போகுது. கை, கால், எல்லாம் மாறிப்போச்சு, கண்ணாடியில காணுன்ன மாதிரி" என்றார். அப்புறம் கேட்டார்: "இது ஆரு படிப்பிச்சது?"

சுருளிக்குப் பதற்றமே இல்லை. இதற்கு மாஸ்டரிடம் பதில் இருக்கிறதே! வேறு ஸ்டைல் என்று சொல்லப் போகிறார். அவன் மேசையைப் பார்த்தான். "எங்க மாஸ்டர் சொல்லிக்குடுத்தது சார்" என்றான், பெருமையாகவே.

ஈஸ்வரமூர்த்தி எழுந்தார். முகத்தில் ஒரு வருத்தத்தை வரவழைத்துக்கொண்டார்.

"நான் மாசத்துக்கு ரெண்டு வாட்டிதானுங்க வர்றது" என்றார். "வர்றப்ப சண்டைப் பயிற்சி மட்டுந்தானுங்க பாப்பேன். கட்டா பூராவும் இவன் பொறுப்புல உட்டுருந்தேன். எதுக்க நின்னு சொல்லிக்குடுத்தா பக்கம் மாறும்னு இவனுக்குத் தெரியாமப் போச்சுங்க. நம்பி உட்டது என் தப்புத்தானுங்க சார்."

சுருளிக்கு முதலில் விளங்கவில்லை. யாரைப் பற்றி இவர் பேசுகிறார் என்றுதான் இருந்தது. விளங்கியதும் மேசைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான்.

"மாஸ்டர்! என்ன இப்படிச் சொல்றீக? நீங்கதானே ஃபாக்டரிப் பக்கம்னு சொன்னீக! ஒவ்வொரு தடவையும் இங்கனதானே நின்னு பாத்தீக!"

"சத்தம் வேண்டா" என்று எர்ணாகுளம் சார் கையை உயர்த்தினார். வரிசையைப் பார்த்துக் கேட்டார்: "உங்களைக் கட்டாவில திருத்தினது ஆரு?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவர் சகாயத்தின் முன்னால் போய் நின்று அவனையே கேட்டார்.

"சுருளியண்ணன்தான் சார். நான் சரியான பக்கந்தான் திரும்புனேன். அண்ணன்தான் குச்சியால அடிச்சு இந்தப் பக்கம் திருப்பினாரு. அதுக்காகத்தான் எனக்குப் பச்சை பெல்ட்டும் தரல."

பொய் ஒரு சொல் இல்லை அதில். அதுதான் கொடுமை. பொய் சொல்லியிருந்தாலாவது சுருளி திட்டியிருப்பான்.

சுருளிக்கு ஒரு யோசனை வந்தது. முங்கப் போகிறவன் கொம்பைப் பிடித்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டான். மாஸ்டர் ஃபாக்டரிப் பக்கம் திரும்பியதை அவன் கண்ணால் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். உடம்பு பொய் சொல்லாதே. "சார், எங்க மாஸ்டரை ஒரு தடவை செஞ்சு காட்டச் சொல்லுங்க. அப்பப் பாருங்க, எந்தப் பக்கம் திரும்புறார்னு" என்றான்.

ஈஸ்வரமூர்த்தி மறுக்கவில்லை. சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். சுருளி நின்ற இடத்துக்கே வந்து, சுருளி நின்ற மாதிரியே மேசையைப் பார்த்து நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் நின்றதே கிடையாது. வணங்கினார். திரும்பினார். கோயில் பக்கம்.

தங்குதடை இல்லை. ஒரு இடத்தில் யோசித்து நின்றதும் இல்லை. கோயில் பக்கம், அப்புறம் ஃபாக்டரிப் பக்கம், அடி, தடுப்பு, திருப்பம் என்று தண்ணீர் ஓடுகிற மாதிரிப் போனது. சுருளி பின்னால் நின்று பார்த்தான். அட பாவி, இது புதிது இல்லையே! மாஸ்டர் எப்போதும் செய்ததுதானே இது! எதிரே நின்றபோது அவருடைய இடது கை இருந்த பக்கம் ஃபாக்டரி. தன்னுடைய இடது கை இருந்த பக்கம் கோயில். அவர் ஒருநாளும் தப்பாகச் செய்ததில்லை. தப்பாகச் செய்தவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்.

வேலியோரம் கைதட்டியது. மாஸ்டருக்குத்தான்.

எர்ணாகுளம் சார் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தாமல்தான் தீர்ப்புச் சொன்னார். அத்தனை பேரும் வெள்ளை பெல்ட்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்கவேண்டும். ஈஸ்வரமூர்த்தி நேரில் நின்று சொல்லிக்கொடுக்கவேண்டும். சுருளிவேல் இனி யாருக்கும் பாடம் எடுக்கக்கூடாது. ஒவ்வொருவராக வந்து பெல்ட்டை அவிழ்த்து மேசையில் வைத்தார்கள். பச்சை பெல்ட்காரன் ஒருவன் தேம்பித் தேம்பி அழுதான். சுருளி கடைசியாகப் போய்த் தன்னுடைய காப்பிக் கலரை வைத்தான். வெல்ஃபேர் ஆபீசர் அவன் முகத்தைப் பார்க்காமல் காலையில் வழக்கம்போல் கவ்வாத்துக்கு வரச் சொன்னார்.

சாயந்திரம் லாரி கிளம்பும் நேரத்துக்குச் சுருளி கேண்டீனுக்குப் போனான். வெறுஞ்சாக்குகள் கட்டுக்கட்டாகக் கீழே கிடந்தன, ஏற்றுவதற்கு ஆள் இல்லாமல். ஈஸ்வரமூர்த்தி அவனைப் பார்த்ததும், "வா சுருளி, உன்னையத்தான் தேடுனேன். இதையெல்லாம் தூக்கிப் போடு, மழை வர்றாப்புல இருக்குது" என்றார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், சுருளி குனிந்து ஒரு கட்டைத் தூக்கியும் விட்டான். தூக்கிய பிறகுதான் சுரணை வந்தது. கீழே போட்டான்.

"எப்பருந்து தெரியும் மாஸ்டர்?"

"எது?"

"நாங்க தப்பாச் செய்றது."

ஈஸ்வரமூர்த்தி சுற்றும் முற்றும் பார்த்தார். லாரி டிரைவரும் கிளீனரும் தள்ளி நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். மறைக்கவேண்டிய அவசியம்கூட அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"மொத மாசமே தெரியுமப்பா. திருத்தோணும்னுதான் இருந்தேன். அப்பறம், எல்லாரும் பழகிப்போட்டீங்க, அதைய மாத்தோணும்னா பெரிய ரோதனை. இந்த மலை மேல வந்து யாரு பாக்கப்போறாங்கன்னு உட்டுட்டேன். தோட்டத்து ஆளுங்க, சாயங்காலத்துல கைய கால ஆட்டறீங்க, எந்தப் பக்கம் திரும்புனா என்ன போவுது? இப்பிடி எர்ணாகுளத்துல இருந்து வருவான்னு யாரு கண்டா?"

"சகாயத்துக்காக வந்து கேட்டேனே மாஸ்டர்! வேற ஸ்டைல்னீகளே! அவனை அடிச்சேனே!"

"அன்னிக்கு நான் என்னத்தச் சொல்றது? நாலஞ்சு வருசமாத் தப்புன்னு சொன்னா எனக்கு மரியாதை இருக்குமா? எனக்கு ஊருல ரெண்டு கிளப் இருக்குதப்பா. இன்னிக்கு நான் ஒத்துக்கிட்டா அங்கயும் நாறிப் போயிரும். உனக்கு என்ன, கத்திய எடுத்துட்டு நாளைக்கும் வேலைக்குப் போலாம்." அவர் சுருளியின் தோளில் தட்டினார். "மனசுல வெச்சுக்காத. அடுத்த வாட்டி நீயும் வந்து கடைசி வரிசைல நில்லு. வெள்ளை பெல்ட்டுல இருந்து பாத்துக்கலாம். இப்ப சாக்க ஏத்து."

சுருளி அறைந்தான்.

அது கராத்தே அடி இல்லை. லயத்துக் குழாயடிச் சண்டையில் விழுகிற சாதாரண அறை, கையை அகல விரித்து, கன்னம் பழுக்க. மாஸ்டர் தடுக்கவில்லை, தடுக்க அவருக்கு நேரமிருக்கவில்லை. கிளீனர் ஓடிவந்து சுருளியைப் பிடித்துக்கொண்டான். கேண்டீனிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். "நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டாருடா! மொத மாசமே தெரியுமாம்டா!" என்று சுருளி கத்தினான். அதைக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் மறுநாள் பெரட்டில் அந்தச் சேதி ஓடவில்லை. ஓடியது வேறு: சுருளி மாஸ்டரைக் கைநீட்டி அடித்துவிட்டான். வித்தை சொல்லிக்கொடுத்தவரை அடித்தவனை இனிக் களத்தில் விடக்கூடாது என்று வெல்ஃபேர் ஆபீசர் சொன்னார். யாருக்கும் அதில் மறுபேச்சு இல்லை.

சுருளி விடவில்லை. அடுத்த பதினைந்து நாளும் ஒவ்வொரு லயமாக ஏறி இறங்கிச் சொன்னான். மாஸ்டர் தெரிந்தே விட்டது, வேறு ஸ்டைல் என்று புளுகியது, லாரிப் பக்கத்தில் வைத்துச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னான். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். "அநியாயம்ண்ணே, நாங்களுந்தானே பாத்தோம், அவரு நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தாரு" என்றார்கள். சகாயத்திடம் போய், "ஏலே, நான் உன்னய அடிச்சது தப்புடா, மன்னிச்சுக்க" என்றான். சகாயம், "விடுங்கண்ணே" என்றான். சுருளிக்குத் தெம்பு வந்தது. இத்தனை பேருக்கு உண்மை தெரிகிறதே! லாரி வரட்டும், களத்தில் ஒரு ஈ காக்கை இருக்காது, அந்த ஆள் தனியாக நின்று கூவட்டும் என்று சாந்தம்மாளிடம் சொன்னான்.

லாரி வந்தது. சுருளி வீட்டு வாசலில் நின்று கீழே களத்தைப் பார்த்தான். முதல் ஆளாக, அன்று தேம்பி அழுத அந்தப் பச்சை பெல்ட்காரன் போனான். பின்னாலேயே இரண்டு பேர். அப்புறம் கூட்டமாகவே போனார்கள். எல்லாரும் சாந்தம்மாள் தைத்த உடுப்பில், இடுப்பில் வெள்ளை நாடா. முன்வரிசையில், சுருளி நிற்கிற இடத்தில், சகாயம் போய் நின்றான்.

சாந்தம்மாள் கையிலிருந்த வாளியை அப்படியே போட்டுவிட்டு இறங்கினாள். சுருளி கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை. களத்தின் நடுவில் போய் நின்றாள்.

"ஏலே, வெக்கமா இல்லையாலே உங்களுக்கு? உங்க காலு வலிச்சா எங்க வீட்டுல வந்துதான தைலம் தேச்சுக்கிட்டீக? உண்ட சோறு செரிச்சுப் போச்சோ? இந்த ஆளு பண்ணுன துரோகம் தெரிஞ்சும் வந்து வரிசையில நிக்கிறீகளே, நீங்கல்லாம் ஆம்பளைகளா?" அப்புறம் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "ஏன்யா, நீரு நல்லா இருப்பீரா? எம் புருசன் ஒம்ம சாமியா நெனச்சானே! அவன் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மலையேறி வந்தீரு?"

ஈஸ்வரமூர்த்தி அவளை மேலும் கீழும் பார்த்தார். வரிசையைப் பார்த்துக் கேட்டார். "இதாருங்க?"

சகாயம் மட்டும் மெல்லச் சொன்னான்: "அக்கா, ஓரமா நில்லுங்க. கிளாஸ் நடக்குது."

சாந்தம்மாளுக்கு வாயடைத்துப்போனது. அவளுக்கு வாயடைத்துப்போய் அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. சுருளி இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தான். வேலியோரமாக அவளைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினான். பின்னால் மாஸ்டரின் குரல் கேட்டது. இந்தத் தடவை அவர் வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, "எடது பக்கம்" என்றார். அத்தனை பேரும் கோயில் பக்கம் திரும்பினார்கள்.

"எல்லாப் பயலுக்கும் தெரியும்யா" என்றாள் சாந்தம்மாள், மூச்சு வாங்க. "தெரிஞ்சே போயி நிக்கிறானுவ."

"பெல்ட்டு அவருகிட்டதான இருக்கு சாந்தா. அவனுகளுக்குப் பெல்ட்டு வேணும்ல."

"உனக்கு வேணாமா? நீ போகலியே. மானமுள்ளவன்யா நீ."

சுருளி படியில் உட்கார்ந்துவிட்டான். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கையால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"வேணும் சாந்தா" என்றான். "அன்னைக்கு அந்த ஒத்த அறைய மட்டும் அடிக்காம இருந்திருந்தா, நானும் போயி நின்னுருப்பேன்."